மார்கழிக் குளிரில் கிளம்பாத வண்டி: கணக்கில் வராத மகசூல் இழப்பு

கொடைக்கானலில் இருந்து இறங்கும் சாலை பெருமாள்மலையில்தான் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வத்தலக்குண்டுக்கு, மற்றொன்று பழனிக்கு. மன்னவனூர், கவுஞ்சி, பூம்பாறை, பூண்டி என மேல்மலைக் கிராமங்களின் கேரட்டும் உருளையும் பூண்டும் பீன்ஸும் பெரும்பாலும் இந்த முச்சந்தியைத் தாண்டித்தான் சந்தைக்குப் போகின்றன. பெருமாள்மலையைச் சுற்றி விளையும் மலைவாழை, காபி, பட்டர் ஃப்ரூட், பேரிக்காய் ஆகியவற்றுக்கும் இதுதான் வழி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாத அதிகாலை, களப்பணிக்காக அங்கே காத்திருந்தேன். சரிவில் நின்ற பழைய பிக்கப் ஒன்றில் கேரட் மூட்டைகள் ஏற்றியிருந்தன. ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். செல்ஃப் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. நான்கைந்து முறை முயன்றபின் பேட்டரியும் ஓய்ந்தது. அவர் இறங்கிச் சக்கரத்துக்கு வைத்திருந்த கல்லை எடுத்தார். வண்டியைச் சரிவில் உருளவிட்டு, கியரைப் போட்டு, கிளட்சை விட்டார். வண்டி குலுங்கி, புகை கக்கிக் கிளம்பியது. அருகில் இருந்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மலையில் அது தினசரிக் காட்சி.

நான் உழவியல் படித்தவன், மெக்கானிக் அல்ல. ஆனாலும் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றே தோன்றியது. நடவில் தொடங்கி அறுவடை வரை ஒவ்வொரு இழப்புக்கும் எங்களிடம் ஓர் அட்டவணை உண்டு. பூச்சியால் இவ்வளவு, நோயால் இவ்வளவு, உறைபனியால் இவ்வளவு என்று எழுதிவைப்போம். வரப்பைத் தாண்டியதும் எங்கள் நோட்டுப் புத்தகம் மூடிவிடும். அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பாத வண்டியால் வரும் இழப்பை எந்தத் துறையும் எழுதிவைப்பதில்லை. அதை "வண்டிக்காரர் பாடு" என்று விட்டுவிடுகிறோம். அது விவசாயியின் பாடு என்பதே என் வாதம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒன்றரை டன் கேரட் ஏற்றிய வண்டி மூன்று மணி நேரம் தாமதமாக ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகிறது. முதல் ஏலம் முடிந்து, வெளியூர் வியாபாரிகள் லாரியை நிரப்பிக்கொண்டு போய்விட்டார்கள். கிலோவுக்கு நான்கு ரூபாய் குறைந்தால் 6,000 ரூபாய் போயிற்று. இந்தத் தாமதத்துக்குப் பல நேரங்களில் காரணம், சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு ஹீட்டர் பிளக்.

குளிரில் டீசல் இன்ஜின் ஏன் முரண்டு பிடிக்கிறது?

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்கும். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை இருபதில் ஒரு பங்காக அமுக்கினால் அது கடுமையாகச் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். இன்ஜின் சூடாக இருக்கும்போது இதில் சிக்கல் இல்லை. இரவெல்லாம் குளிரில் கிடந்த இன்ஜினில், அமுக்கிய காற்றின் சூட்டைச் சுற்றியுள்ள இரும்பு உறிஞ்சிவிடுகிறது. டீசல் பற்றாமல் வெண்புகையாக வெளியேறுகிறது.

மலையில் இதோடு வேறு சிரமங்களும் சேர்கின்றன. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். வத்தலக்குண்டில் சுகமாகக் கிளம்பும் வண்டி, கொடைக்கானலில் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைவான குளிரில் நிற்கிறது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமும் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். சிலிண்டருக்குள் போகும் காற்று குறைந்தால் அமுக்கத்தில் கிடைக்கும் அழுத்தமும் குறையும். பேட்டரியும் குளிரில் சோர்ந்துபோகும். உறைநிலைக் குளிரில் ஒரு நல்ல பேட்டரி, சாதாரண நாளில் கொடுக்கும் உந்துசக்தியில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் கொடுக்கும். இன்ஜின் ஆயிலும் கெட்டியாகிவிடுவதால், பலம் குறைந்த பேட்டரி கூடுதல் பாரத்தைச் சுற்ற வேண்டியிருக்கிறது.

இந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஹீட்டர் பிளக். விரல் நீளமுள்ள இதன் நுனி, மின்சாரம் பாய்ந்ததும் சில நொடிகளில் செக்கச் சிவக்கக் காய்ந்து, பீய்ச்சும் டீசலைப் பற்றவைக்க உதவுகிறது. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1922-லேயே இதைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. நூறு ஆண்டு பழைய எளிய கருவி இது.

எல்லா வண்டியிலும் இது இருக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டீசலை முதலில் ஒரு சிறிய முன் அறைக்குள் பீய்ச்சும் இன்ஜின்களுக்கு ஹீட்டர் பிளக் அவசியம். பியூஜோ இன்ஜின் பொருத்திய பழைய மஹிந்திரா ஜீப்புகளும், 2005-ல் வந்த இரண்டு சிலிண்டர் "குட்டி யானை"யும் இந்த வகை. டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் பழைய டி.ஐ. இன்ஜின்கள் பலவற்றில் ஹீட்டர் பிளக்கே இல்லை. அவை காலையில் முரண்டு பிடித்தால் பேட்டரி, டீசல் வரத்து, கம்ப்ரஷன் என்று வேறு இடங்களில் தேட வேண்டும். உங்கள் வண்டி எந்த வகை என்று மெக்கானிக்கிடம் இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பரிசோதனை, பிறகு மருந்து

இலை மஞ்சளானால் உடனே யூரியா போடாதீர்கள் என்று உங்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். தழைச்சத்துக் குறையா, இரும்புச்சத்துக் குறையா, வேரில் நீர் தேங்கியதா என்று பார்த்த பிறகே மருந்து. வண்டிக்கும் இதே விதிதான். காலையில் கிளம்பவில்லை என்றதும் நான்கு பிளக்கையும் மாற்றுவதும், புது பேட்டரி வாங்குவதும், பம்பைக் கழற்றிச் சர்வீஸுக்கு அனுப்புவதும் மண் பரிசோதனை இல்லாமல் உரம் போடுவதைப் போன்றவை. வண்டியே சில அடையாளங்களைக் காட்டும். அவற்றைக் கவனியுங்கள்.

செல்ஃப் மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? ஹீட்டர் பிளக்கை விடுங்கள். பேட்டரி, அதன் டெர்மினல், இன்ஜினுக்கும் சேஸுக்கும் போகும் எர்த் வயர், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைப் பாருங்கள். இரவெல்லாம் நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் சுற்றும்போது பத்து வோல்ட்டுக்கும் கீழே வெகுவாக இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருள். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியை வெந்நீரில் கழுவித் துடைத்து இறுக்கினாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது, சைலன்சரில் வெண்புகை வருகிறதா? டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை என்று பொருள். இங்கேதான் ஹீட்டர் பிளக்கைச் சந்தேகிக்க வேண்டும். கிளம்பிய பின் ஓரிரு நிமிடம் ஒரு சிலிண்டர் தடுமாறி, வெண்புகை விட்டு, சூடானதும் சீராகிறது என்றால் நான்கில் ஒன்றோ இரண்டோ எரிந்துபோயிருக்கக்கூடும்.

செல்ஃப் வேகமாகச் சுற்றியும் புகையே இல்லையா? டீசல் வரவில்லை. ஃபில்டர் அடைப்பு, ஸ்டாப் சாலினாய்டு, அல்லது லைனில் ஏர் பிடித்திருக்கலாம். காலையில் செல்ஃப் அடிக்கும் முன் ஹேண்ட் பம்பைப் பத்து முறை அமுக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகு உடனே கிளம்பினால், இரவில் டீசல் டேங்குக்குத் திரும்பிப் போகிறது என்று அர்த்தம். ஏதோ ஒரு வாஷரிலோ ஹோஸிலோ காற்று புகுகிறது. அதற்கு ஹீட்டர் பிளக் மாற்றிப் பயனில்லை.

பிளக்கைச் சோதிப்பது எப்படி?

இதற்குத் தேவை 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் ஒன்றுதான். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள்.

டெஸ்ட் லாம்பின் கிளிப்பை எர்த்தில் மாட்டி, சாவியை ஹீட்டர் நிலையில் வைத்து, பிளக்குகளை இணைக்கும் பட்டையைத் தொடுங்கள். லாம்ப் எரிந்தால் மின்சாரம் வருகிறது. எரியவில்லை என்றால் குற்றம் பிளக்கில் அல்ல. ஃபியூஸிலோ ரிலேயிலோ வயரிலோ இருக்கிறது.

அடுத்து சாவியை எடுத்துவிட்டு, அந்தப் பட்டையைக் கழற்றுங்கள். இப்போது டெஸ்ட் லாம்பின் கிளிப்பைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் மாட்டி, முள்ளால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். லாம்ப் எரிந்தால் உள்ளே கம்பி அறுபடவில்லை. எரியாத பிளக் இறந்துவிட்டது. மல்டிமீட்டர் இருந்தால் பிளக்கின் தலைக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையே ஓம் பாருங்கள். நல்ல பிளக் பெரும்பாலும் ஓர் ஓம் அளவிலோ அதற்குக் கீழேயோ காட்டும். அளவே காட்டவில்லை என்றால் எரிந்துவிட்டது. மிகப் பழைய சில இன்ஜின்களில் பிளக்குகளை வரிசையாகக் கோர்த்திருப்பார்கள். அவற்றில் ஒன்று போனால் அத்தனையும் வேலை செய்யாது.

டேஷ்போர்டில் எரியும் சுருள் விளக்கை மட்டும் நம்பாதீர்கள். பல பழைய வண்டிகளில் அது டைமர் சொல்வதைத்தான் காட்டுகிறது. நான்கு பிளக்கும் எரிந்துபோயிருந்தாலும் அது ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணையும்.

பழைய பிளக்கைக் கழற்றுவதில் அவசரம் கூடாது. கரி பிடித்து இறுகியிருக்கும். முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு, இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது மெல்லத் திருப்ப வேண்டும். முறுக்கினால் பிளக் உடைந்து ஹெட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். அப்புறம் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். இது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. புது பிளக் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோய், வோல்ட்டும் நீளமும் மரையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். கழற்றிய பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பேட்டரியில் தொட்டுப் பார்ப்பதைக் கட்டாயம் தவிருங்கள். நுனி தெறித்து முகத்தில் பட்டால் என்னவாகும் என்று யோசியுங்கள்.

பிளக்குகள் நன்றாக இருந்து, பேட்டரியும் டீசலும் சரியாக இருந்து, அப்படியும் கிளம்பவில்லை என்றால் கம்ப்ரஷன் குறைந்திருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வருவது அதன் அடையாளம். அந்த வண்டிக்கு ஹீட்டர் பிளக் மருந்தல்ல. இன்ஜின் வேலை செய்தாக வேண்டும். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சரிவு என்னும் இலவச செல்ஃப்

மலையில் பலரும் எனக்குச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "சரிவில் நிறுத்தினால் போதும், செலவே இல்லை." முன்பு நம் ஆயில் இன்ஜின்களை கம்ப்ரஷன் கைப்பிடியைத் தூக்கிவிட்டுக் கையால் சுற்றிக் கிளப்பியவர்கள் நாம். தள்ளி ஸ்டார்ட் செய்வது நமக்குக் குற்றமாகத் தெரியாதது இயல்புதான்.

ஆனால் ஒன்றரை டன் ஏற்றிய வண்டி இன்ஜின் ஓடாமல் உருளும்போது என்ன நடக்கிறது? பிரேக்குக்குத் துணைபுரியும் வேக்குவம் கிடைப்பதில்லை. மிச்சமிருப்பதை வைத்து ஓரிரு முறை மிதிக்கலாம். பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் ஸ்டியரிங்கும் இறுகும். கியர் விழவில்லை, இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் அடுத்த வளைவில் நிறுத்த ஹேண்ட் பிரேக் ஒன்றுதான் மிச்சம். பனிமூட்டத்தில் எதிரே வருபவருக்கு உங்கள் மங்கிய விளக்கும் தெரியாது. மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் சுமைத் தொழிலாளர்களை நினைத்துப் பாருங்கள். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க அவர்கள் உயிரையா பணயம் வைப்பது?

மற்ற குறுக்கு வழிகளும் இதே தரம்தான். ஏர் ஃபில்டரில் பெட்ரோல் நனைத்த துணியை வைப்பது, ஸ்ப்ரே அடிப்பது ஆகியவை ஹீட்டர் காய்ந்திருக்கும் இன்ஜினில் வெடியாக மாறும். பிஸ்டன் ரிங் உடையும், கை முகம் வேகும். ஆயில் சம்புக்குக் கீழே விறகைக் கொளுத்துவது டீசல் கசியும் பழைய வண்டியில் வண்டியையே கொளுத்துவதற்குச் சமம். டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் வேண்டிய வழுவழுப்பு போய், பெரிய செலவு வரும்.

நாற்றங்காலுக்குச் செய்வதை வண்டிக்கும் செய்யுங்கள்

உறைபனி பற்றி நாங்கள் உங்களுக்குச் சொல்வது வண்டிக்கும் பொருந்தும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில்தான் உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் நாற்றங்காலைப் பள்ளத்தில் போடாதீர்கள், மேலே நிழல்வலை கட்டுங்கள் என்கிறோம். வண்டியையும் ஓடையோரப் பள்ளத்தில், திறந்த வானத்துக்குக் கீழே நிறுத்தாதீர்கள். சற்று மேடான இடத்தில், ஒரு தகரக் கூரைக்கு அடியில் நிறுத்துங்கள். பானெட்டின் மேல் கனத்த சாக்கு போடுங்கள்; கிளப்பும் முன் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

இரவே டேங்கை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரக்காற்று வியர்த்துத் தண்ணீர் சேர்வது குறையும். ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து தேங்கிய நீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். ஆயில் மாற்றும்போது, உங்கள் வண்டிக் கையேடு அனுமதித்தால், 20W-50-க்குப் பதில் 15W-40 போடுங்கள். "W"-வுக்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால் குளிரில் ஆயில் எளிதாக ஓடும்.

கிளப்பும்போது விளக்கு, ஹாரன், பாட்டு எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள். ஹீட்டர் விளக்கு அணையும் வரை காத்திருங்கள். கடுங்குளிரில் சாவியை அணைத்து மீண்டும் ஒருமுறை ஹீட்டர் போடுங்கள். செல்ஃபைப் பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல், அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். கிளம்பியதும் உறுமவிடாமல் ஓரிரு நிமிடம் நிதானமாக ஓடவிடுங்கள். காமன்ரெயில் உள்ள புதிய வண்டிகளில் மட்டும் இந்தச் சோதனைகளை நீங்களே செய்யாமல் சர்வீஸ் சென்டரிடம் விடுங்கள்.

வண்டி உங்களுடையது இல்லையா? வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வாடகை பேசும்போது டன்னுக்கு எவ்வளவு என்பதோடு, "காலையில் செல்ஃபில் கிளம்புமா?" என்றும் கேளுங்கள். சரிவில் உருட்டிக் கிளப்பும் வண்டியில் உங்கள் சரக்கையும் ஆளையும் ஏற்ற மாட்டேன் என்று நாலு பேர் சொன்னால் ஊரே மாறும்.

துறைகளுக்கு ஒரு வேண்டுகோள்

விரிவாக்கப் பணியில் இருக்கும் நண்பர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. வேளாண் பொறியியல் துறை டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் பராமரிப்பு முகாம்கள் நடத்துகிறது. மலைக் கிராமங்களில் டிராக்டரைவிட முக்கியமான பண்ணை இயந்திரம் சரக்கு ஏற்றும் பிக்கப்தான். அதையும் அந்த முகாமில் சேர்க்க வேண்டும். முகாமைத் தை மாதத்தில் வைத்தால் தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுவதாகும். ஐப்பசியில், மழை இடைவெளி பார்த்து, பெருமாள்மலை போன்ற எல்லா வண்டியும் கடந்துபோகும் இடத்தில் வையுங்கள். டெஸ்ட் லாம்பும் மல்டிமீட்டரும் ஒரு மெக்கானிக்கும் போதும். ஒரு வண்டியைப் பார்க்க அரை மணி நேரம் ஆகும்.

உழவர் உற்பத்தியாளர் குழுக்கள், உறுப்பினர்களின் வண்டிகளுக்குப் பொருந்தும் பிளக்குகளையும் ரிலேக்களையும் மொத்தமாக வாங்கி வைக்கலாம். செவ்வாயும் வெள்ளியும் வெளியாகும் வேளாண் வானிலை அறிவிப்பில் உறைபனி எச்சரிக்கை வரும்போது, பயிருக்கான யோசனையோடு, "வண்டியை மேட்டில், கூரைக்கடியில் நிறுத்துங்கள், பேட்டரியைப் பாருங்கள்" என்று ஒரு வரி சேர்க்கலாம். இதற்குப் புதுத் திட்டமோ நிதியோ வேண்டாம்.

நூறு நாள் பாடுபட்டு விளைவித்த கேரட், சந்தைக்குப் போய்ச் சேரும் வரை நிலத்தில் இருப்பதாகவே கணக்கு. கடைசி மூட்டை ஏற்றிய பிறகும் பயிர்ப் பாதுகாப்பு முடிவதில்லை. இந்த ஐப்பசியில் உங்கள் வண்டியின் பானெட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். மார்கழியில் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் கல்லை, இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு எடுத்தால் போதும்.

(கட்டுரையாளர்: வேளாண் விஞ்ஞானி, உழவியல் துறை)